ஒன்பதாவது காலடி

மோரீசின் தென்கிழக்கு மூலை, மாயேபூர் துறை.
அந்தப் படகு வந்திறங்கிய நாள்
துடுப்புக்காரர் பத்துப் பேரும்
அதைச் சுற்றிவந்து முகர்ந்து பார்த்தார்கள்.
பெட்ரோல் நாற்றம்.
"அடுப்பை மடியில் கட்டிக்கொண்டு
யாராவது நீந்துவார்களா?" என்றான் எவனோர்.
முப்பது வருஷம் சுக்கான் பிடித்தவன்.

மோட்டாரில் யாருக்கும் நம்பிக்கை இல்லை.
செய்து அனுப்பிய கம்பெனிக்கே இல்லை:
பாய்மரம் ஒன்றும் துடுப்புகள் பத்தும்
கூடவே கட்டி அனுப்பியிருந்தார்கள்,
பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு
திரும்பிவர வண்டிக்கூலியும்
முந்தானையில் முடிந்துவிட்டதுபோல.

எனக்குக் கடல் தெரியாது.
போ வல்லோன் கரும்பாலையில்
நசுக்கும் உருளைக்கு எண்ணெய் விட்டவன்.
இயந்திரம் அறிந்த ஆள் வேண்டும்,
மாதம் இரண்டு ரூபாய் கூடுதல் என்றார்கள்.
போனேன்.

எனக்கு ஒதுக்கியது ஒரு பெட்டி.
நீர் புகாத மூடிக்குக் கீழே
முழங்காலை முகவாயில் முட்டுக்கொடுத்து உட்கார வேண்டும்.
மேலிருந்து கயிற்றை இழுத்தால்
காதருகே மணி அடிக்கும்.
ஒன்று என்றால் முன்னே.
இரண்டு, நிறுத்து.
மூன்று, பின்னே.
நாலுக்கு அர்த்தம் யாரும் சொல்லவில்லை.

கைப்பிடியைச் சுற்றும்போது
கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும்;
மோட்டார் உதைக்கும்.
இதைக் கற்றது
இடது மணிக்கட்டு ஒடிந்த பிறகு.

பெப்ரவரி. விலகிப்போன சூறாவளி
வாலால் அடித்த இரவு.
ரொத்ரிக்சிலிருந்து ஆடும் கருவாடும் ஏற்றிவந்த பாய்க்கப்பல்
பவளத்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பிளக்குகள் நாலையும் கழற்றி
கரியடுப்பில் வாட்டித் திரும்ப மாட்டினேன்.
ஏழாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.
முதலில் பெட்ரோல், சூடேறியதும் மண்ணெண்ணெய்.
மணி, ஒன்று.

அப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை.
அலை எவ்வளவு உயரம் என்று
இன்றும் கேட்கிறார்கள்.
எனக்கென்ன தெரியும்?
படகின் பின்புறம் நீரைவிட்டு எழும்பினால் மோட்டார் அலறும்.
விழுந்தால் திணறும்.
அலறும் முன் தளர்த்தி, திணறும் முன் இறுக்கி
இரண்டு மணி நேரம்.
நான் பார்த்த கடல் அவ்வளவுதான், காதால்.

மணி இரண்டு. மூன்று. மறுபடி ஒன்று.
தலைக்கு மேலே பலகையில்
தொப்பென்று ஓர் உடம்பு.
பிறகு இன்னொன்று.
மூன்றாவது வாந்தி எடுத்தது.
ஐந்தாவது முழங்காலில் விழுந்தது.
எட்டாவதை இழுத்துப் போட்டார்கள்.
ஒன்பதாவது மட்டும் தானே நடந்து வந்தது:
டொக், சரக். டொக், சரக்.
ஒரு குதிகால் ஊன்ற, ஒன்று இழுபட.

துறையில் முட்டியபோது இன்னும் இருட்டு.
மணி நாலு முறை அடித்தது,
எவனோர் இழுக்கும் இழுப்பல்ல, மெதுவாக.
எதற்கும் இருக்கட்டும் என்று மோட்டாரை அணைத்தேன்.

குமாஸ்தா பதிவேட்டில் எழுதினார்:
மீட்கப்பட்டோர் எட்டு.
துடுப்புகள் பயன்படவில்லை.
இயந்திரம் திருப்திகரம்.
படகில் சென்றோர் பதினொருவர், பெயர் பெயராக.
வைத்திலிங்கம் என்று அதில் யாரும் இல்லை.
"திருப்திகரம்" ஒருவேளை நானாக இருக்கலாம்.

"ஒன்பது" என்றேன்.
"அது ஆடு" என்று சிரித்தான் எவனோர்.
ஆட்டுக்கு நாலு கால்.

ஆறு வருஷம் கழித்து
சீனர் கடையில் மண்ணெண்ணெய் வாங்கி நிற்கிறேன்.
பின்னால், மரத்தரையில்,
டொக், சரக். டொக், சரக்.
அரை ராத்தல் பருப்பு, ஒரு தீப்பெட்டி.
"கணக்கில் எழுதவா? பெயர்?" என்றார் கடைக்காரர்.
"எழுத வேண்டாம்" என்றது குரல்.
சில்லறை மேசையில் விழுந்தது.

நான் திரும்பவில்லை.
டின்னைப் பிடித்திருந்த கையில்
கட்டைவிரல் தானாக நகர்ந்து
மற்ற விரல்களோடு சேர்ந்துகொண்டது.